செல்லுக்குள்ள ஊரைத் தேடுறியா தம்பி?

‘எண்ணிமப் பண்பாடும் தகவல் தொடர்பும்: ஒரு சமூகவியல் அணுகுமுறை.’ இதுதான் உன் ஆராய்ச்சித் தலைப்பா தம்பி? இவ்வளவு கனத்தைத் தூக்கிகிட்டு பச்சைமலை ஏறி வந்திருக்கியே, தோள் வலிக்கலையா? சோபனபுரத்துலேர்ந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறுற பஸ்ஸுல வளைவு திரும்புறப்ப சாக்கு மூட்டையே உருளும். உன் தலைப்பு உருளாம வந்து சேர்ந்துச்சே, அதுக்கே டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருக்கணும்.

சரி, உக்காரு. கெழங்கு வெந்துகிட்டு இருக்கு. நான் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனா எம்பேத்தி திருச்சியில சமூகவியல் எம்.ஏ. படிக்குறா. லீவுக்கு வந்தா திண்ணையில குந்திகிட்டு, புஸ்தகத்துல இருக்குறதைத் தமிழ்ல எடுத்துச் சொல்லுவா. நான் புளியில கொட்டை எடுத்துகிட்டே கேப்பேன். அவ சொல்லுறதுல பாதி எனக்கு முன்னாடியே தெரிஞ்சது. மீதிப் பாதி அவளுக்கே வெளங்காதது. நடுவுல ரெண்டு மூணு நல்ல சங்கதி மாட்டும். அதைத்தான் உனக்குச் சொல்லப் போறேன். காசு வேண்டாம், கேட்டுக்க.

ஆராய்ச்சிக்கு ஆளு வர்றது எங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல எட்கர் தர்ஸ்டன்னு ஒருத்தரு, மெட்ராஸ் மியூசியத்துல பெரிய அதிகாரி. தென்னிந்தியாவுல இருக்குற சாதிசனம் பூராத்தையும் பத்தி 1909-ல ஏழு வால்யூம் போட்டுட்டுப் போனாரு. மலையாளின்னு எங்க மலைச்சனமும் அதுல உண்டு. கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல, நீ பாட்டுக்கு மாத்தி எழுதிடாத. கையில கருவியோட போயி, மூக்கு நீளம் என்ன, அகலம் என்னன்னு அளந்தவரு அவரு. மூக்கை அளந்தா மனுசன் தெரிஞ்சிருவானா? அந்தக் காலத்துப் படிச்சவுங்க தெரியும்னுதான் நம்புனாங்க. இப்ப நீங்க மூக்கை விட்டுட்டீங்க, கட்டைவெரலைப் பிடிச்சுகிட்டீங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தள்ளுறான், எத்தனை லைக்கு போடுறான், எத்தனை மணி நேரம் பாக்குறான். நூறு வருசத்துல அளவு மூக்குலேர்ந்து வெரலுக்கு எறங்கியிருக்கு. முன்னேத்தந்தான்.

போன் வந்தப்பறந்தான் சனம் சேதி பரிமாற ஆரம்பிச்சதுன்னு ஒரு நெனப்பு உங்களுக்கு. திருச்சி ரேடியோ நெலயம் எப்ப வந்துச்சு தெரியுமா? 1939, மே மாசம். அப்பறம் 1960-கள் நடுவுல ஆடுதுறையிலேர்ந்து ஏ.டி.டி. 27-ன்னு ஒரு குறுவை நெல்லு வந்துச்சு. தஞ்சாவூர்ப் பக்கம் சனம் அதுக்கு வச்ச பேரு ரேடியோ நெல்லு. திருச்சி ரேடியோவுல வெவசாய நிகழ்ச்சியில சொல்லிச் சொல்லிப் பரவுனதால அந்தப் பேரு நின்னுபோச்சு. தகவல் தொடர்பு படிக்கிறவுங்க இன்னைக்கும் அதை எடுத்துச் சொல்லுறாங்களாம். சந்தோசம்.

ஆனா ரேடியோவா போயி நாத்து நட்டுச்சு? கேட்டவன் நூறு பேருன்னா மொதல்ல வெதைச்சவன் ஒருத்தன். மீதிப் பேரு என்ன பண்ணுனான்? அவன் வரப்புல நின்னு எட்டிப் பாத்தான். மணியைப் பிச்சு நகத்துல நெரிச்சுப் பாத்தான். ‘வெளையும் போலத்தான் இருக்கு’ன்னு ஒரு போகம் யோசிச்சான். அடுத்த போகந்தான் வெதைக்குக் கை நீட்டுனான். எவரெட் ராஜர்ஸ்னு ஒரு அமெரிக்காக்காரரு இதை 1962-லயே புஸ்தகமாப் போட்டுட்டாராம். சேதி காதுல விழுந்தா மட்டும் போதாது, தன்னைப்போல ஒருத்தன் செஞ்சு பாத்ததைக் கண்ணால பாத்தாத்தான் மத்தவன் நம்புவான்னு. பேத்தி இதைச் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வரப்புல நின்னு எட்டிப் பாத்தவனுக்கு ஒரு பட்டமும் குடுக்காம போயிட்டாங்களேன்னு.

இன்னொண்ணு கேளு. மலையில இருக்குறவனுக்கு மீன் கதை எதுக்குன்னு நெனைக்காத. வடகேரளக் கடற்கரையில 1997-லேர்ந்து 2001 வரைக்கும் செல்போன் டவர் ஒவ்வொண்ணா வந்துச்சு. மத்தி மீன் பிடிக்கிறவுங்க கடல்ல இருந்தபடியே, எந்தக் கரையில என்ன வெலைன்னு விசாரிச்சுகிட்டாங்க. ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதாரக்காரரு கணக்கெடுத்து 2007-ல வெளியிட்டாரு. மீனவருக்கு லாபம் 8 சதவீதம் கூடுச்சு, வாங்குறவுங்களுக்கு வெலை 4 சதவீதம் கொறைஞ்சுது, விக்காம கடல்ல கொட்டுறது நின்னுச்சு. ஒலகமே கைதட்டுச்சு. செல்போன் குடுத்தா ஏழை பொழைச்சுக்குவான்னு மேடை மேடையாப் பேசுனாங்க.

நான் என் மரவள்ளியை நெனச்சுப் பாத்தேன். ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில இன்னைக்கு என்ன வெலைன்னு எனக்குந்தான் தெரியும். போன் போட்டாச் சொல்லுறான். தெரிஞ்சு? கெழங்கு புடுங்குறதுக்கு முன்னாடியே யாவாரிகிட்ட முன்பணம் வாங்கியாச்சு. லாரி அவனுது. தராசு அவனுது. போன் மட்டும் என்னுது. வெலை தெரியாம நட்டப்பட்டதுக்கும், தெரிஞ்சு நட்டப்படுறதுக்கும் என்ன வித்தியாசம்? முன்ன ராத்திரி தூக்கம் வந்துச்சு, அவ்வளவுதான்.

ஜானகி சீனிவாசன், ஜென்னா பர்ரெல்னு ரெண்டு பொம்பளைங்க பின்னால அதே கேரள மீனவருங்ககிட்டப் போயி விசாரிச்சு 2013-ல எழுதுனாங்களாம். வெலை தெரியறது மட்டும் கதையில்ல, கடன் இருக்குது, ஏலம் போடுறவனோட ஒறவு இருக்குது, அதையும் சேத்துப் பாக்கணும்னு. பாத்தியா? ஜென்சன் கணக்கு பொய்யின்னு நான் சொல்லல. கணக்குக்கு வெளியில நிக்கிறவனையும் ஒரு வார்த்தை கேளுங்கறேன். உன் சமூகவியலு அந்த எடத்துலதான் தொடங்குது, நீ அதை அணுகுமுறைன்னு சொல்லு, நான் விசாரிப்புன்னு சொல்லுறேன்.

இப்ப எங்க தெருவுக்கு வா. ஒரு நாளு ரெண்டு புள்ளைங்க வந்தாங்க. எந்தக் காலேஜுன்னு கேக்காத, சொல்ல மாட்டேன். நல்ல புள்ளைங்கதான். கையில டேப்லெட்டு, கழுத்துல அட்டை. எதுத்த வீட்டு மருமவளைக் கூப்புட்டுக் கேட்டாங்க.

“அக்கா, உங்களுக்குன்னு சொந்தமா ஸ்மார்ட்போன் இருக்குதா?”

“இல்லீங்க.”

“இன்டர்நெட் பயன்படுத்துவீங்களா?”

“எனக்கு என்னங்க தெரியும் அதெல்லாம்.”

முடிஞ்சுது. ஒரு தட்டு. ‘பயன்படுத்தாதவர்’. அப்பறம் அவ புருசனைக் கேட்டாங்க. அவன் மீசையைத் தடவிகிட்டே, “இருக்குது, தெனம் நாலு மணி நேரம் பாப்பேன்”னான். இன்னொரு தட்டு. ‘தீவிரப் பயனர்’. ரெண்டு புள்ளைங்களும் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க.

சாயங்காலம் வரைக்கும் இருந்திருந்தா என்ன பாத்திருப்பாங்க தெரியுமா? அந்த வீட்டுல போன் இருக்குறது மாடத்துல. ஏன்? அங்கதான் ரெண்டு கோடு சிக்னல் விழுது. தீவிரப் பயனரு காட்டுலேர்ந்து வந்து, கால் நீட்டி உக்காந்து, ரெண்டாவது படிக்கிற மவளைத்தான் கூப்புடுவான். “பாப்பா, அந்த இதை எடுத்துக் குடு.” அது லாக்கைத் தொறந்து, சினிமாவைத் தேடிப் போட்டுக் குடுக்கும். அவனுக்குப் போன் எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியும். அதோட சரி. பயன்படுத்தாத மருமவ என்ன பண்ணுவா? சோத்துப் பானையை எறக்கி வச்சுட்டு மாடத்துகிட்ட நிப்பா. திருப்பூர்ல இருக்குற தம்பி மூஞ்சிப் படத்தைப் பாத்து அமுக்குவா. கையைக் குவிச்சு வாய்கிட்ட வச்சு, “ஏண்டா, அம்மாவுக்கு மாத்தரை வாங்கிட்டியா?”ன்னு பேசி அனுப்புவா. பதிலு வந்தா ஸ்பீக்கர்ல போட்டு மாமியா, மச்சாண்டாரு, திண்ணையில இருக்குற நானு, எல்லாரும் கேப்போம். ஒரு போனு, ஏழு காது.

அது மட்டும் இல்ல. அவ மகளிர் சுய உதவிக் குழுவுல இருக்குறா. குழுவுக்கு ஒரு வாட்ஸ்ஆப் இருக்குது. போனு புருசன் பேருல இருக்குறதால, குழுவுல புருசன் பேருதான் தெரியும், புருசன் படந்தான் தெரியும், அதே மீசையோட. அந்த மீசைக்காரன் கேக்குறான்: “அக்கா, நாளைக்கு தவணை கட்டிடுறேன், நோட்டை எடுத்துட்டு வாங்க.” தூரத்துல இருந்து கம்ப்யூட்டரை வச்சு அந்தக் குழுவை அலசுனா என்ன முடிவுக்கு வருவ தம்பி? பச்சைமலையில மகளிர் குழுவுல ஆம்பளைங்க பெருகிட்டாங்கன்னு கட்டுரை எழுதி, ஒரு மாநாட்டுலயும் வாசிச்சுருவ.

எண்ணிப் பாக்குறதே வேண்டாங்கல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்ன சனம் நாங்க. கவுர்மெண்டு எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21-ல எடுத்தது, சொல்லுது: தானே பயன்படுத்துற செல்போன் வச்சிருக்குற பொம்பளைங்க இந்தியாவுல நூத்துக்கு 54 பேரு. தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட நாலுல மூணு பேரு. நல்ல கேள்வி கேட்டிருக்காங்க. ‘வீட்டுல போன் இருக்கா’ன்னு கேக்கல, ‘நீயே பயன்படுத்துற போன் இருக்கா’ன்னு கேட்டிருக்காங்க. அந்த ஒரு கேள்விக்காக நான் மரியாதை குடுப்பேன். ஆனாலும் எங்க எதுத்த வீட்டு மருமவ அந்தக் கணக்குல எந்தப் பக்கம் நிப்பா? போன் அவளுது இல்ல. பேச்செல்லாம் அவளுது. திரையில வந்து விழுந்ததை மட்டும் அள்ளிகிட்டுப் போயி ஆராயறது, காவேரியில ஒரு கொடம் தண்ணி மொண்டு வீட்டுல வச்சுகிட்டு, ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு கொடத்துக்குள்ள பாக்குற கதை.

‘அப்ப எப்படித்தான் பாக்குறது பெரியப்பா?’ன்னு கேக்குற. உக்காந்து பாக்குறது. வேற வழி இல்ல.

பேத்தி ஒரு புஸ்தகத்தைப் பத்திச் சொன்னா. ஸ்ரீராம் வெங்கட்ராமன்னு ஒருத்தரு எழுதுனது, லண்டன் யு.சி.எல். அச்சகம் 2017-ல போட்டது. சென்னைக்குப் பக்கத்துல ஐ.டி. கம்பெனிங்க வந்து எறங்குன கிராமங்கள்ல தங்கி, சனம் ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்ஆப்பையும் என்ன பண்ணுதுன்னு பாத்திருக்காரு. டேனியல் மில்லர்னு ஒரு மானுடவியல்காரரு தலைமையில ஒன்பது பேரு, ஒன்பது ஊரு. பிரேசில், சிலி, இங்கிலாந்து, இத்தாலி, துருக்கி, டிரினிடாடு, சீனாவுல ரெண்டு, இங்க ஒண்ணு. ஒவ்வொருத்தரும் பதினஞ்சு மாசம் தங்கியிருக்காங்க. பதினஞ்சு மாசம்! அந்தப் புள்ளைங்க எங்க தெருவுல இருந்தது பதினஞ்சு நிமிசம்.

அந்தக் கிராமங்களுக்கு அவரு வச்ச பேரு ‘பஞ்சகிராமி’. உண்மைப் பேரு இல்ல. ஊர்ப்பேரை ஒளிச்சு வைக்கிறது உங்க ஆளுங்களோட பழைய பழக்கம். ஆந்த்ரே பெத்தேல்னு ஒருத்தரு 1960-கள் தொடக்கத்துல தஞ்சாவூர் ஜில்லாவுல ஒரு கிராமத்துல தங்கி, அதுக்கு ‘ஸ்ரீபுரம்’னு பேரு வச்சாரு. அவருக்கு அக்ரஹாரத்துல வீடு கெடைச்சுது. அதனாலயே மத்த தெருவுல புழங்குறது சுலபமா இல்லைன்னு அவரே மறைக்காம எழுதிட்டாராம். அந்த நேர்மை எனக்குப் புடிச்சுது. எந்தத் திண்ணையில உக்காருறியோ அந்தத் திண்ணைக்கு எதுத்தாப்புல இருக்குறதுதான் உனக்குத் தெரியும். உனக்கு வாட்ஸ்ஆப்புல யாரு மொதல்ல சேத்துவிடுறானோ, அவந்தான் உன் திண்ணை. இதை உன் முறையியல் அத்தியாயத்துல எழுதுவியா? எழுத மாட்ட. ‘தற்செயல் மாதிரி’ன்னு எழுதுவ.

சரி, பதினஞ்சு மாசம் உக்காந்து பஞ்சகிராமியில என்ன கண்டாரு? ஃபேஸ்புக்குல சேர்றவன் தன்னைப்போல ஆளாப் பாத்துத்தான் சேர்றான். ஐ.டி. காரனும் ஊர்க்காரனும் ஒரே ரோட்டுல நடந்தாலும் திரையில கை குலுக்குறது அபூர்வம். கல்யாணம் ஆகாத பொண்ணு கையில போன் இருந்தா அண்ணன்காரன் கண்ணு அதுமேலயே இருக்குது. பழக்கமில்லாதவனோட பேசுறப்ப அண்ணா, அக்கான்னு மொறை வச்சுகிட்டா ஊரு தப்பாப் பேசாது. ஆபீசுல உக்காந்தே வீட்டைக் கவனிச்சுக்குறாங்க, வாட்ஸ்ஆப் வழியா. மொத்தத்துல அவுங்க ஒன்பது பேரும் கண்டது என்னன்னா, போன் வந்து மனுசனை மாத்துனதைவிட, மனுசன் போனைத் தன் ஊர் வழக்கத்துக்கு மாத்திகிட்டதுதான் அதிகம்.

இதைக் கேட்டுட்டு நான் பேத்திகிட்ட, “இதுக்கா பதினஞ்சு மாசம்? எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு வெத்தலை போடுற நேரத்துல சொல்லியிருப்பேனே”ன்னேன். அவ விடல. “தாத்தா, நீ பச்சைமலைக்குச் சொல்லுவ. சிலிக்குச் சொல்லுவியா?”ன்னா. நான் வாயை மூடிகிட்டேன். நெசந்தான். எனக்குத் தெரியறதுக்கும், தெரியும்னு ஒலகத்துக்குக் காட்டுறதுக்கும் நடுவுல அந்தப் பதினஞ்சு மாசம் இருக்குது. ஆனா ஒண்ணு, அந்தப் புஸ்தகத்தை யாரு வேணா காசு குடுக்காம எறக்கிக்கலாமாம். அதுக்கு ஒரு கும்புடு.

எங்க ஊர்லயும் அதே கதைதான். திண்ணை எப்படிப் பிரிஞ்சிருந்துச்சோ அதே கோட்டுலதான் வாட்ஸ்ஆப் குரூப்பும் பிரிஞ்சு கெடக்குது. பங்காளிக்கு ஒண்ணு, மாமன் மச்சானுக்கு ஒண்ணு, கட்சிக்கு ஒண்ணு, திருவிழா வரிக்கு ஒண்ணு. திருவிழா வரி குரூப்புல மட்டும் யாரும் பதிலே போட மாட்டான். நீல டிக்கு விழும், காசு விழாது.

கொரோனா வந்த 2020-ல இங்க வந்து நீ பாத்திருக்கணும். ஆன்லைன் வகுப்புன்னு சொல்லிட்டாங்க. புள்ளைங்க போனைத் தூக்கிகிட்டு, சிக்னல் கெடைக்கிற பாறையைத் தேடி ஏறுனாங்க. ஒரே பாறையில ஆறாவதும் பத்தாவதும் பாலிடெக்னிக்கும் பக்கத்துல பக்கத்துல. மழை வந்தா பள்ளிக்கூடம் விட்டாச்சு. அந்தப் பாறையில இன்னைக்கும் கூட்டம் உண்டு. வேலைக்கு மனு போடுறவன், பேங்க் நம்பர் வர்றதுக்குக் காத்திருக்குறவன், யாரோடயோ தணிஞ்ச கொரல்ல பேசிகிட்டு இருக்குறவன். தகவல் தொடர்பை ஆராயறியே, எங்க ஊரு தகவலெல்லாம் அந்தப் பாறை வழியாத்தான் போவுது. உன் கேள்வித்தாள்ல ‘பாறை’ன்னு ஒரு கட்டம் இருக்குதா? இல்லையே!

யூடியூப்பு கதையையும் சொல்லிடுறேன். பக்கத்துப் புதுக்கோட்டை ஜில்லாவுல சின்னவீரமங்கலம்னு ஒரு ஊரு. பெரியதம்பின்னு ஒரு தாத்தா, பேரப்புள்ளைங்களோட சேந்து காட்டுல அடுப்பு மூட்டிச் சமைக்கிறாரு. வில்லேஜ் குக்கிங் சேனல். 2018-ல ஆரம்பிச்சு 2021 ஜூலையில ஒரு கோடி பேரு சேந்துட்டாங்க. தமிழ்ல மொத மொத அந்த எண்ணிக்கையத் தொட்டது அதுதான். ராகுல் காந்தியே வந்து காளான் பிரியாணி தின்னுட்டுப் போனாரு. எனக்கும் கிட்டத்தட்ட அந்தத் தாத்தா வயசுதான். நானும் வெளியில அடுப்பு மூட்டித்தான் கெழங்கு அவிக்கிறேன். ஒரு காக்கா வந்து நிக்குது.

இதைப் பத்திப் படிச்சவுங்க என்ன எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும். ‘இழந்த கிராமத்தின் மீதான நகர மனத்தின் ஏக்கம்.’ அட, ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டல்ல கெடக்குற பயலுக்குப் பசிக்குது, பாக்குறான். பாதி ஏக்கம் வயித்துலதான் இருக்குது. ஆனா எங்க வீட்டுக் கெழவி அதை ஒரு நாளு உத்துப் பாத்தா. அண்டா அண்டாவா சமையலு, சமைக்கிறது பூரா ஆம்பளைங்க. பாத்து முடிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா: “இந்தப் பாத்திரத்தையெல்லாம் யாரு கழுவுறது?” தம்பி, அதைவிடப் பெரிய சமூகவியல் கேள்வி எந்தப் பல்கலைக்கழகத்துலயும் கேக்க முடியாது. பதிலு எனக்குத் தெரியாது. போயி விசாரி.

சிரிக்க முடியாத சங்கதி ஒண்ணும் இருக்குது. 2018 மே மாசம், திருவண்ணாமலை ஜில்லா போளூர்ப் பக்கம். சென்னையிலேர்ந்து கார்ல ஒரு குடும்பம் கொலசாமி கோயிலுக்கு வழி தேடி வந்துச்சு. அதுல ஒரு வயசான அம்மா, தெருவுல நின்ன கொழந்தைக்கு ஆசையா சாக்லேட்டு குடுத்தாங்க. புள்ளை புடிக்கிறவன்னு வாட்ஸ்ஆப்புல சுத்திகிட்டு இருந்த வதந்தியை நம்பி, ஊரு கூடி அடிச்சே அந்த அம்மாவைக் கொன்னுபோட்டுச்சு. கொழந்தைக்கு முட்டாய் குடுக்காத கெழவி தமிழ்நாட்டுல உண்டா?

ஜூலையில வாட்ஸ்ஆப் கம்பெனி, இந்தியாவுல ஒரு சேதியை ஒரே நேரத்துல அஞ்சு பேருக்கு மேல தள்ளிவிட முடியாதுன்னு கட்டுப்பாடு போட்டுச்சு. 2020 ஏப்ரல்ல, ரொம்பச் சுத்துன சேதின்னா ஒருத்தருக்குத்தான்னு ஆக்குச்சு. சரி, நல்லதுதான். படிச்சவுங்க, சனத்துக்கு விவரம் பத்தல, பயிற்சி குடுக்கணும்னாங்க. லண்டன்ல ஷகுந்தலா பானாஜி, ராம் பட்னு ரெண்டு பேரு 2019-ல ஒரு அறிக்கை போட்டாங்க. அவுங்க வேற மாதிரி சொன்னாங்க: விவரம் பத்தாததைவிட, மனசுல ஏற்கெனவே இருக்குற வெறுப்பும் சந்தேகமுந்தான் பெரிய காரணம்னு. அதான் சரி. நான் பாத்திருக்கேனே. பொய்யின்னு தெரிஞ்சும் தள்ளிவிடுறான். ஏன்? அவன் வெறுக்குற ஆளைப் பத்தின பொய்யி அது. அதே மாதிரி ஒரு சேதி அவன் சொந்தக்காரனைப் பத்தி வந்தா, “இரு, விசாரிப்போம்”ங்குறான். விசாரிக்கத் தெரியாதவன் இல்ல. யாருக்காக விசாரிக்கணும்னு முடிவு பண்ணி வச்சிருக்கான். அதை ஆராய்ஞ்சு எழுது. போன்ல ஒரு பட்டனை எடுத்துட்டா அது போயிடாது.

இன்னொரு வெசயம். பேத்தி கூட படிக்கிற ஒரு பையன் எங்கேயோ ஒரு குரூப்புல சேந்து, வாயைத் தொறக்காம ஆறு மாசம் எல்லாத்தையும் படிச்சு, நோட்டுல எழுதி, அதைக் களப்பணின்னானாம். எங்க ஊர்ல அதுக்கு ஒட்டுக் கேக்குறதுன்னு பேரு, புடிச்சா நாலு போடுவாங்க. பகல்ல பக்கம் பாத்துப் பேசு, ராத்திரியில அதுவும் பேசாதேன்னு பெரியவுங்க சொன்னது, பக்கத்துல நிக்கிறவன் தெரியுற காலத்துல. இப்ப பக்கம் பாத்தா யாரும் தெரியல, ஆனா கம்பெனிக்காரன் கேக்குறான், நீயும் கேக்குற. ஒருத்தன் அந்தரங்கம் அவனோட அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்டுல சுப்ரீம் கோர்ட்டுல ஒன்பது நீதிபதிங்க உக்காந்து தீர்ப்பு சொல்லிட்டாங்க. 2023-ல தகவல் பாதுகாப்புக்குன்னு சட்டமும் வந்துருச்சு. கம்பெனிக்காரன் கேக்குறானோ இல்லையோ, நீ கேட்டுட்டு எழுது. “அம்மா, நீங்க பேசுனதை எழுதிக்கட்டா?” அவ்வளவுதான். எங்க ஆளுங்க வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. “என்னத்தை எழுதப் போற?”ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்குப் பதிலு சொல்லத் தெரியாதவனுக்குத்தான் ஒளிஞ்சு பாக்குற புத்தி வரும்.

கெழங்கு வெந்துருச்சு. மொளகாத் தொவையலு இருக்குது, தொட்டுக்க.

தின்னுட்டு நான் சொல்லுறபடி செய். பதினஞ்சு மாசம் உனக்குக் குடுக்க மாட்டாங்க, தெரியும். ஒரு போகமாவது இரு. தங்குறதுக்கு எடம் நான் பாத்துத் தர்றேன், ஒரே வீட்டுல இல்ல, மேலத்தெருவுல கொஞ்ச நாளு, கீழத்தெருவுல கொஞ்ச நாளு. போனைப் பாக்காத, போனைச் சுத்தி நிக்கிறவுங்களைப் பாரு. எடுத்துக் குடுக்குறது யாரு, பேசுறது யாரு, தள்ளி நின்னு காதை மட்டும் குடுக்குறது யாரு, கிட்டயே வரக்கூடாதுன்னு வச்சிருக்குறது யாரை. எழுதி முடிச்சதும் பட்டம் வாங்கிகிட்டு அப்படியே போயிடாத. நீ எழுதுனதை இங்க கொண்டாந்து தமிழ்ல வாசி. எதுத்த வீட்டு மருமவ கேட்டுட்டு “இது நானில்லையே”ன்னு சொன்னா, அந்த அத்தியாயத்தைத் திருத்திட்டு அப்பறமாப் புஸ்தகம் போடு.